நீர்நிலை நேரலைக் காட்சி

நீர்நிலை நேரலைக் காட்சி என்பது, ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும் வனமிருகங்கள் தாகம் தீர்க்க வந்து கூடும் குட்டைகளின் கரையில் காமிராவை நிலையாக நிறுத்தி, அங்குள்ள காட்சியையும் ஒலியையும் இணையத்தின் வழியே இரவு பகலாக உலகெங்கும் அனுப்பும் முறையாகும். திரைப்படத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் யாதெனில், இங்கே வேண்டாததை வெட்டி வேண்டியதை ஒட்டும் படத்தொகுப்பாளர் இல்லை. யானை வந்தால் யானையும், ஒன்றும் வராத வேளையில் காற்றில் அசையும் நீரும் மட்டுமே பார்ப்பவருக்குக் கிடைக்கும். இம்முறை 1998-ஆம் ஆண்டுக்குப் பின் பரவியதே ஆயினும், நீர்க்கரையில் மறைந்திருந்து மிருகங்களைக் காணும் ஆசை மிகப் பழையது. அவ்வாசையிலிருந்து முதலில் துப்பாக்கியும், பின்னர் காண்பவருடைய சரீரமும் விலகிப்போன கதையே இதன் சரித்திரம் எனலாம்.

முன்னோடிகள்

கோடையில் நீர் வற்றி ஒரே குட்டையாக ஒடுங்கும்போது அப்பிரதேசத்து ஜீவராசிகள் யாவும் அங்கே வந்தே தீரவேண்டும் என்பதை உலகின் வேடர்கள் யாவரும் அறிந்திருந்தனர். அவ்வறிவைக் கொலைக்கு மட்டுமன்றிப் படமெடுக்கவும் பயன்படுத்தியவர்களில் ஜெர்மானியரான கார்ல் ஜார்ஜ் ஷில்லிங்ஸ் முக்கியமானவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவில் பளிச்சிடும் ஒளியைப் பாய்ச்சி அவர் எடுத்த படங்கள் 1905-இல் நூலாக வெளிவந்தன. மறு ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸின் இரவுப் படங்களை நேஷனல் ஜியோகிராபிக் சஞ்சிகை பிரசுரித்தது. இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், மிருகத்தின் கால் பட்டதும் காமிரா தானே இயங்குமாறு கம்பி கட்டிப் புலிகளைப் படமெடுத்து, 1927-இல் நூலாக்கினார். மனிதர் அருகில் இல்லாமலே யந்திரம் காவலிருந்து காணலாம் என்ற கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது.

மற்றொரு மரபு, மனிதரைப் பத்திரமாக ஓரிடத்தில் அமர்த்தி மிருகங்களைக் காணச் செய்தது. 1932-இல் கென்யாவின் அபெர்டேர் மலைக்காட்டில், ஒரு குட்டையை நோக்கி நின்ற அத்தி மரத்தின்மேல் எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பவர் அமைத்த ட்ரீடாப்ஸ் விடுதி அதன் தொடக்கமாகும். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்த இரவில்தான் அவருடைய தந்தை காலமானார். அப்போது உடனிருந்தவர், குமாவுன் புலிகளின் கதைகளால் புகழ்பெற்று, இந்தியாவை விட்டுக் கென்யாவில் குடியேறிய ஜிம் கார்பெட். 1954-இல் அவ்விடுதி தீக்கிரையாகி, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. நமீபியாவில் 1907-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட எட்டோஷாவிலோ, ஒக்காகுவேயோ முகாமை ஒட்டிய குட்டைக்கு இரவெல்லாம் விளக்கொளி இட்டு, பிரயாணிகள் தாழ்ந்த மதிலுக்கு இப்பாலிருந்து காண்டாமிருகத்தையும் சிங்கத்தையும் காணும் சௌகரியம் செய்யப்பட்டுள்ளது.

இணையத்தின் வருகை

1991-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணினித் துறையினர், காப்பிப் பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்பதைத் தத்தம் மேசையிலிருந்தே அறிவதற்காக அதன் எதிரே ஒரு காமிராவை வைத்தனர். 1993-இல் அக்காட்சி இணையத்தில் ஏறியபோது, தொலைவிலுள்ள ஒன்றை அது நிகழும் கணத்திலேயே எவரும் காணும் பழக்கம் உலகத்துக்கு அறிமுகமாயிற்று. இதனை வனத்துக்குக் கொண்டுசென்றது 1998-இல் தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ஆஃப்ரிகாம் ஸ்தாபனம். அக்காலத்துத் தொலைபேசிக் கம்பிகள் சலனப்படத்தைத் தாங்கமாட்டாமையால், இடைவிட்டு மாறும் நிழற்படங்களே முதலில் கிடைத்தன. சிறுத்தை தலை நீட்டிய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது போயே போய்விடுவதும் உண்டு. 2005-இல் போட்ஸ்வானாவின் மஷாட்டு காப்பகத்திலுள்ள ஒரு குட்டையை நேஷனல் ஜியோகிராபிக் சலனப்படமாகவே காட்டிற்று. 2006-இல் தொடங்கிய வைல்டுஎர்த் நிறுவனம், நிலையான காமிராவுடன் வழிகாட்டியின் வண்டியிலிருந்தும் நேரலை அனுப்பும் புதுவழியைக் கண்டது. கென்யாவின் ம்பாலா ஆராய்ச்சி நிலையத்து நீர்நிலையும், நமீப் பாலைவனத்தில் கோண்ட்வானா நிறுவனத்தார் நடத்தும் குட்டையும் பின்னர் பெரும் கீர்த்தி அடைந்தன.

பாடன் நகரமும் கண்ணாடித் திரையும்

காமிரா கண்டதை வெளியிடுவது திரையே ஆகையால், திரையின் வரலாற்றில் சுவிட்சர்லாந்தின் பாடன் நகருக்குள்ள இடமும் இங்கே குறிக்கத்தக்கது. லிம்மத் நதிக்கரையில் ஆர்காவ் மாநிலத்தில் அமைந்து, ரோமர் காலம் முதலே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்பெற்ற இந்நகரில் 1891-இல் பிரவுன் போவெரி மின்யந்திரத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1970-இல் பாசல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்னும் இருவர் கண்டறிந்த, மூலக்கூறுகள் முறுக்கி அமைந்த திரவப்படிகத் திரை, கைக்கடிகாரத்துக்குப் போதுமானதாயினும் பல வரிகளைத் தெளிவாகக் காட்ட இயலாததாக இருந்தது. அதிலுள்ள மூலக்கூறுகளின் முறுக்கைத் தொண்ணூறு பாகையிலிருந்து வெகுவாக மிகுத்தால் இக்குறை நீங்கும் என்பதை 1983-இல் பாடனைச் சேர்ந்த டெட்விலிலுள்ள பிரவுன் போவெரி ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டினர். கையில் எடுத்துச் செல்லும் கணினிகள் பரவியதற்கு இக்கண்டுபிடிப்பு ஒரு முக்கிய காரணமாகும்; பின்னாளில் வேறுவகைத் திரைகள் அதன் இடத்தைக் கைப்பற்றின. கோடைக்காலத்தில் பாடன் கடிகாரமும் நமீபியா, தென்னாப்பிரிக்கக் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்டுவதால், வேலை முடிந்து வீடு திரும்பும் அந்நகரத்தார், மிருகங்கள் நீருக்கு இறங்கும் அந்திப்பொழுதை அதே பொழுதில் காண்கின்றனர். சென்னைவாசிக்கோ அது மூன்றரை மணி நேரம் பிந்திய இரவாகிறது.

அமைப்பு

நாற்புறமும் திரும்பவும், தொலைவிலுள்ளதை அணுக்கமாக்கவும் வல்ல காமிரா, ஒலிவாங்கி, சூரியத் தகடு, மின்கலம், படத்தை விடுதிவரை கொண்டுசெல்லும் நுண்ணலைக் கருவி ஆகியவை இதன் அங்கங்கள். பெரும்பாலான மிருகங்களின் கண்ணை உறுத்தாத அகச்சிவப்புக் கதிரை இரவில் பாய்ச்சுவதால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கள்ள வேட்டைக்காரர் பயன்பெறாதிருக்க, காண்டாமிருகம் வரும்போது இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைத் தவிர்ப்பதும் வழக்கம்.

நீர் தந்த விவாதம்

இக்குட்டைகளில் பல இயற்கையானவை அல்ல; ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பப்படுபவை. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1930-களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன. வறட்சியில் மிருகங்களைக் காக்க எண்ணிய இவ்வுபகாரம் வேறு விதமாக முடிந்தது: நீர் எங்கும் கிடைத்தமையால் வரிக்குதிரைகள் வறண்ட வடபகுதிக்குப் பரவ, அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வர, அங்கே உயர்ந்த புல்லை நம்பி வாழ்ந்த அபூர்வமான ரோன் இரலைகள் 1986-இல் ஏறத்தாழ 450-ஆக இருந்தவை 1993-இல் 45 அளவுக்குக் குறைந்தன. அதன்பின் அக்கிணறுகளுள் பல மூடப்பட்டன. ஆகவே நேரலையில் மிருகங்கள் மிகுதியாகத் தோன்றுவதை மட்டும் கொண்டு அக்காட்டின் க்ஷேமத்தை நிர்ணயிப்பது பிழையாகும்.

தமிழகத்தில்

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் கோடையில் வனத்துறையினர் தொட்டிகளில் நீர் நிரப்புகின்றனர். ஆப்பிரிக்கக் குட்டைகளைப்போல் பொதுமக்கள் காணும் நேரலை மரபு இங்கே வேரூன்றவில்லை. ஆனால் தொலைவிலிருந்து இடைவிடாது நோக்கும் அதே உபாயம், கோவையை அடுத்த மதுக்கரையில், இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகளை ரயிலிலிருந்து காப்பதற்காக 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு கோபுரங்களில் அமைந்த சாதாரணக் காமிராக்களும் வெப்பக் காமிராக்களும் யானை நெருங்குவதைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் கண்டு, ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை செல்ல வழி செய்கின்றன. மிருகத்தைக் காணும் இன்பத்தினும் அதன் உயிரைக் காக்கும் பயனே மேலானது என்று கொண்டால், இக்கருவியின் சிறந்த உபயோகம் மதுக்கரையில் உள்ளதே ஆகும்.