நெய்வேலியில் வீடு புதுப்பித்தல்

தமிழகத்தின் பிற பகுதிகளில் பழைய குடும்ப வீட்டைப் புதுப்பிப்பது பெரும்பாலும் கையிருப்பையும் பங்காளிகளின் ஒப்புதலையும் பொறுத்த செயலாக இருக்க, நெய்வேலி வட்டாரத்தில் அது நிலத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது, அந்த நிலம் யார் பெயரில் நிற்கிறது என்னும் இரண்டு கேள்விகளுக்குக் கட்டுப்பட்டதாக எழுபது ஆண்டுகளாக இருந்துவருகிறது. எனவே இங்கு வீடு புதுப்பித்தலின் வரலாற்றைக் கட்டடக் கலையின் கிளையாகக் கருதுவதைவிட, உடைமையின் வரலாறாகக் கொள்வதே பொருந்தும்.

சுரங்கம் வருவதற்கு முன் இந்தச் செம்மண் பூமியில் எளிய குடும்பங்களின் வீடுகள் மண்சுவரும் கூரையும் கொண்டவை; பனையோலை, கரும்புத் தோகை, வைக்கோல் ஆகியவற்றில் எது கைக்கு எட்டியதோ அது கூரையாயிற்று; சற்று வசதி படைத்தவர்கள் நாட்டு ஓடு வேய்ந்தனர். இத்தகைய வீட்டுக்குக் கட்டி முடிக்கப்பட்ட நாள் என்று ஒன்று கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரையைப் பிரித்து வேய்வது, மழைநீர் அரித்த சுவரடியைக் குழைத்த மண்ணால் மீண்டும் பூசுவது, ஓட்டு வீடானால் ஓடு மாற்றுவது, அதாவது ஓடுகளை இறக்கி உடைந்தவற்றை நீக்கி மறுபடி அடுக்குவது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது எனப் புதுப்பித்தல் ஆண்டுச் சுழற்சியின் ஒரு பகுதியாகவே அமைந்திருந்தது. இடித்த வீட்டின் கதவு, நிலை, உத்திரம் ஆகியவை அடுத்த வீட்டுக்குச் சென்றன; பலாவும் வேம்பும் பனையும் செழிக்கும் இந்த மண்ணில் மரத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், தாத்தா காலத்து நிலைக்கதவை விறகாக்க எவருக்கும் மனம் வந்திருக்காது.

1934ஆம் ஆண்டையொட்டி, ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்களும் மேலே வந்ததிலிருந்து இந்த ஊர்களின் கதை திசை திரும்பியது. அத்துகள்கள் பழுப்பு நிலக்கரியைச் சேர்ந்தவை. முழுமையாக இறுகாத, ஈரப்பதம் மிகுந்த இளம் நிலக்கரிக்கே அப்பெயர். 1956ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கமாகும். கரிப்படிவத்துக்கு மேலே பத்துப் பதினைந்து ஆள் உயரத்துக்கும் மிகுதியாகக் கிடக்கும் மேல்மண்ணை முழுவதுமாக அகற்றிய பின்னரே கரியை எடுக்க முடியும் என்பதால், படிவத்தின் மேல் நின்ற ஊருக்கு விலகிச் செல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பூமிக்கு அடியில் குடைந்து செல்லும் சுரங்கமாக இருந்திருந்தால் மேலே ஊர் ஒருவேளை நிலைத்திருக்கும்.

இங்குதான் சட்டம் வீட்டுக்குள் நுழைகிறது. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனது 24ஆம் பிரிவில், இழப்பீட்டைக் கணக்கிடும்போது எவற்றைப் பொருட்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல் தந்தது. முதல் அறிவிக்கை வெளியான நாளுக்குப் பிறகு ஆட்சியரின் அனுமதியின்றிச் செய்யப்பட்ட எந்த மேம்பாட்டுச் செலவும் கணக்கில் வராது என்பது அவற்றுள் ஒன்று. பொய்யான மேம்பாடுகளைக் காட்டி இழப்பீட்டைப் பெருக்கிக்கொள்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். அந்த அளவில் அது நியாயமானதும்கூட. ஆயினும் அறிவிக்கைக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிடும்போது அந்த விதி விளைவித்தது வேறொன்று: ஒழுகும் கூரையை மாற்றும் குடும்பமும், மகனுக்குத் திருமணம் என்று ஓர் அறை கூட்டும் குடும்பமும், அச்செலவு திரும்பி வராது என்று தெரிந்தே செய்யவேண்டியதாயிற்று. கூடவே, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து மதிப்பிடும் வழக்கமும் இருந்ததால், மூன்று தலைமுறை பேணிய மண்சுவர் வீடு பணக் கணக்கில் மிகச் சிறியதாகச் சுருங்கியது. கட்டாயமாகப் பறிக்கப்படுவதற்கு ஈடாக மதிப்போடு சேர்த்து வழங்கப்படும் ஆறுதல் தொகை தொடக்கத்தில் 15 விழுக்காடாக இருந்து, 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 30 விழுக்காடாக உயர்ந்து, 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 100 விழுக்காடானது. முதல் தலைமுறையில் வெளியேறியவர்களுக்கு இந்த உயர்வுகளால் எந்தப் பயனும் இல்லை. 2023இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை, இந்த நீண்ட காத்திருப்பின் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நிறுவனம் தன் பணியாளர்களுக்காக எழுப்பிய நகரியத்தில் நிலைமை நேர்மாறானது. இங்கு வீடு உறுதியானது. அகன்ற சாலையும் குழாய்நீரும் மின்சாரமும் பள்ளியும் மருத்துவமனையும் உடன் வந்தன. ‘வட்டம்’ என்று எண்ணிட்டு அழைக்கப்படும் பகுதிகளில் பதவிப் படிநிலைக்கேற்ப வகை பிரித்துக் கட்டப்பட்ட இந்தக் குடியிருப்புகளை மக்கள் ‘குவார்ட்டர்ஸ்’ என்றே சொல்கிறார்கள். பழுது பார்ப்பதும் வண்ணம் பூசுவதும் நகர நிர்வாகத்தின் வேலை. சுவரை இடிக்கவோ அறை கூட்டவோ குடியிருப்பவருக்கு உரிமை இல்லை. பணி ஓய்வு பெற்றால் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, திருமணப் பந்தலும் போட்ட வீட்டை எவருக்கும் விட்டுச்செல்ல முடியாது. ஆகவே புதுப்பிக்கும் ஆசை சுவருக்கு வெளியே சென்றது. மாவும் பலாவும் தென்னையும் முருங்கையும் வைப்பது, வேலி கட்டுவது, வாசலில் பந்தல் இறக்குவது ஆகியவையே இங்கு குடும்பத்தின் கைவண்ணம் தெரியும் இடங்களாயின. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் நகரியத்தின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தபோது, குடியிருப்பவர்கள் இழந்தது நிழலை மட்டுமன்று. அந்த வீட்டில் தமது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே பகுதியையும் இழந்தனர்.

தொழில் நகரங்களின் உலக வரலாற்றில், வாழும் வீடு தமதாக இல்லாத இந்தச் சிக்கல் பலமுறை தலைகாட்டியுள்ளது. சிகாகோவை ஒட்டி ரயில்பெட்டி நிறுவனம் நிறுவிய புல்மன் நகரில், 1894ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, தொழிலுக்குத் தொடர்பில்லாத சொத்துகளை நிறுவனம் விற்றாக வேண்டும் என்று 1898இல் இலினாய் மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் நகராட்சி வீடுகளைக் குடியிருப்பவர்களே வாங்கும் உரிமையை 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியபின், ஒரே அச்சில் வார்த்த தெருக்களில் முதலில் மாறியவை முன்கதவுகளும் சன்னல்களும்தான். இந்தியாவிலேயே, பிலாய் போன்ற எஃகு நகரங்களில் 2000களின் தொடக்கத்தில் வீடுகள் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. நெய்வேலி நகரியமோ நிறுவனத்தின் கையிலேயே நீடிக்கிறது.

அதனால் ஓய்வு பெற்றவர்கள் நகரியத்தின் விளிம்பைத் தாண்டி வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் என மனை வாங்கிக் குடியேறினர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் புது மனைகளில் வேரூன்றின. இங்கு எழுந்த வீடுகளே குடியிருப்பவர் பெயரில் பட்டா உள்ளவை, எனவே உண்மையில் புதுப்பிக்கக்கூடியவை. ஓய்வூதியப் பணத்தில் தரைத்தளம் மட்டும் கட்டி, பின்னாளில் மாடி எழுப்புவதற்காகத் தூண்களின் கம்பியை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி விடுவது தமிழகமெங்கும் காணும் வழக்கமே என்றாலும், வாழ்நாள் முழுவதும் ஓர் ஆணி அடிக்கவும் யோசித்தவர்களிடம் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. கட்டுமானப் பொருளிலும் சுரங்கத்தின் தடம் இருக்கிறது. அனல்மின் நிலையங்களிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் செங்கல் செய்வோர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் கலக்கவேண்டும் என்று 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டதை அடுத்து, எரிந்த கரியின் எச்சமான உலர் சாம்பலில் வார்த்த கற்கள் நாட்டின் பிற அனல்மின் ஊர்களைப் போலவே இங்கும் சுவருக்கு வந்தன.

இந்த வீடுகளைப் பற்றி எழுத விரும்பும் ஆய்வாளருக்கு ஒரு செய்தி பயன்படக்கூடும். கையகப்படுத்தும் அலுவலர்கள் இழப்பீட்டுக்காக வீடு வீடாகச் சென்று சுவரின் பொருள், கூரையின் வகை, அளவு, கிணறு, மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நடைமுறை. விலை நிர்ணயிப்பதற்காக எழுதப்பட்ட அந்த மதிப்பீட்டுப் பதிவேடுகளில் எஞ்சியவை, மேல்மண்ணோடு அகற்றப்பட்ட ஊர்களின் கட்டட முறையை ஆராய முதன்மையான சான்றுகளாகும். பழைய பதிவேடுகள் கழித்துக் கட்டப்படும் முன் அவற்றைத் தேடிப் படியெடுத்து வைப்பது மாவட்ட நிர்வாகமும் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உடனே மேற்கொள்ளவேண்டிய வேலை.