பேசும் கம்பம், கேட்கும் கம்பம்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாகாண சபை, ஆயுத ஒப்படைப்பு, அமைதிப்படை, மறுநாள் அணிவகுப்பில் ராஜீவ் காந்தி மேல் ஓங்கப்பட்ட துப்பாக்கிக் கட்டை. ஒப்பந்தத்தோடு சேர்ந்து ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேச்சே குறைவு. அவற்றில் இந்தியா எழுப்பிய கவலைகள் நான்கு. இலங்கையில் வேலை பார்க்கும் வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்கள். திருகோணமலைத் துறைமுகம். அங்கிருக்கும் எண்ணெய்த் தொட்டிகள். நாலாவதாக, வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள்: அவை பொதுமக்களுக்கான ஒலிபரப்பை மட்டும் செய்ய வேண்டும், ராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படக் கூடாது.

ஒரு இனத்தின் உயிர்ப் பிரச்சினையைத் தீர்க்க வந்த ஒப்பந்தத்தில் ரேடியோக் கம்பத்துக்கு என்ன வேலை?

சும்மா வந்து ஒட்டிக்கொண்ட வரி இல்லை அது. அதற்குப் பின்னால் நாற்பத்தைந்து வருஷக் கதை இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்காரனான எனக்கு அதில் ஒரு தனி அக்கறையும் உண்டு. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழை பொய்த்தால் இந்தக் கரிசலில் பிழைக்க வழி கிடையாது. பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். பெரியவர்கள் வாயில் இலங்கைக்குக் ‘கண்டிச் சீமை’ என்றுதான் பெயர். ஆட்கள் இங்கிருந்து அங்கே போனார்கள். அங்கிருந்து இங்கே பாட்டு வந்தது. அந்தப் பாட்டு வந்த பாதையிலிருந்தே இந்தக் கதையும் தொடங்குகிறது.

கோல்ஃப் மைதானத்தில் ஒரு கப்பல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அதற்கு முன்பே அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேத உடைப்புக் குழு கொழும்புக்கு இடம் மாறியிருந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற பள்ளிக்கூடத்தைக் காலி செய்து அவர்களை உட்கார வைத்தார்கள். வேலை ஒன்றுதான்: ஜப்பானியக் கப்பல்கள் தங்களுக்குள் அனுப்பும் மோர்ஸ் செய்திகளைப் பிடிப்பது, சங்கேதத்தை உடைப்பது. ஜே.என்.25 என்று பெயர் வைக்கப்பட்ட சங்கேதத்தில் துண்டு துண்டாகத்தான் பிடி கிடைத்தது. அந்தத் துண்டுகளை வைத்தே மார்ச் கடைசியில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள்: ஏப்ரல் 1 வாக்கில் கொழும்பு தாக்கப்படலாம்.

பிரிட்டிஷ் கப்பற்படை கடலில் போய்க் காத்திருந்தது. சொன்ன தேதியில் யாரும் வரவில்லை. எரிபொருள் நிரப்ப மாலத்தீவுப் பக்கம் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பிய நேரத்தில், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. நடுவில் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சென்னைப் பட்டணமே அந்த ஏப்ரலில் காலியானது நாம் கேள்விப்பட்டதுதான்.

தேதி பிசகினாலும் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குழுவைக் கொஞ்ச காலம் கென்யாவின் கிலிந்தினிக்கு அனுப்பினார்கள். 1943 செப்டம்பரில் திரும்ப வந்தபோது கொழும்பின் ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் நிலையம் தயாராக இருந்தது. பெயர் எச்.எம்.எஸ். ஆண்டர்சன். கரையில் கட்டிய தளத்துக்கும் கப்பல் பெயர் சூட்டுவது பிரிட்டிஷ் கடற்படை வழக்கம். இந்தக் ‘கப்பல்’ ஒருநாளும் தண்ணீரைத் தொட்டதில்லை. கேட்கிற வேலைக்கு நல்ல இடமும் இல்லை. பக்கத்திலேயே ரயில் பாதை, மின்கம்பி. வானத்து இரைச்சலோடு ஊர் இரைச்சலும் சேர்ந்து வந்தது.

போர் முடிந்தது. சிலோன் சுதந்திரம் வாங்கியது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. 1947 நவம்பர் 11 அன்று சிலோனும் பிரிட்டனும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் தளங்களைப் பயன்படுத்த இடம் கொடுத்தது. அந்தக் கூரைகளில் ஒன்றுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது ஊருக்குத் தெரியாத ரகசியம். நடத்திய அமைப்பு ஜி.சி.எச்.க்யூ. அது உளவுக்காகக் கேட்கும் அமைப்பு என்று லண்டன் பொதுவில் ஒப்புக்கொண்டதே 1983ல்தான்.

1956ல் சூயஸ் நெருக்கடி. எகிப்தின் மேல் பிரிட்டன் படையெடுத்தது. நம் மண்ணில் உட்கார்ந்துகொண்டு நமக்குச் சம்பந்தமில்லாத சண்டையா என்ற கேள்வி சிலோனில் பலமாக எழுந்தது. 1957 அக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும், நவம்பரில் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பண்டாரநாயக்கா அரசு எடுத்துக்கொண்டது.

இதே காலத்தில் இன்னொரு காகிதமும் போடப்பட்டது. பாதுகாப்பு ஒப்பந்தத்துக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1948 நவம்பரில் வந்த குடியுரிமைச் சட்டம். நம்மூர்களிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர்களானார்கள். வெளியூர்க் கடற்படைக்கு அந்த மண்ணில் இடம் உறுதியானது. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு இல்லாமல் போனது.

பாட்டும் பட்டாளமும்

போர்க்காலம் சிலோனுக்கு ஒரு வாயையும் கொடுத்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைகளுக்காக ‘ரேடியோ சியாக்’ என்ற ஒலிபரப்பு கொழும்பிலிருந்து நடந்தது. அதற்காக ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் வந்து சேர்ந்தது. பட்டாளம் கிளம்பியபோது அது சிலோன் அரசின் கைக்குப் போனது. 1950ல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. ஆகாசவாணி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்திருந்த வருஷங்களில் இந்தியாவே சிலோனைத் திருகியது. தமிழ்ச் சேவையின் மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களெல்லாம் தறிச் சத்தத்தையும் மீறி அருப்புக்கோட்டை வரை கேட்டன. சிப்பாய்களுக்காக வாங்கிய எந்திரத்தின் வாரிசுதான் நமக்குப் பாட்டுப் போட்டது.

1951லிருந்தே ரேடியோ சிலோனின் டிரான்ஸ்மிட்டர்கள் வழியாக ‘அமெரிக்கக் குரல்’ நிகழ்ச்சிகளும் போய்க்கொண்டிருந்தன. பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை. 80களின் முதல் பாதியில் ஜெயவர்த்தனா அரசு அமெரிக்கக் குரலுக்குத் தனியாக, பிரம்மாண்டமாக ஒரு நிலையம் அமைக்க இடம் கொடுக்க முன்வந்ததும் டெல்லிக்குத் தூக்கம் போனது. அன்றைய நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வளர்ந்துவிட்டது. 1984ல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டது. கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. இத்தனைக்கும் நடுவில் ஏக்கர் கணக்கில் ஆன்டெனா. வெறும் செய்தி வாசிக்க இவ்வளவு பெரிய இடம் எதற்கு? இந்தியக் கப்பற்படையின் பேச்சை ஒட்டுக் கேட்கவா? கடலுக்கடியில் இருக்கும் அமெரிக்க நீர்மூழ்கிகளோடு பேசவா?

டெல்லி இந்த விஷயத்தில் பத்தினி வேஷம் போட முடியாது. சீனப் போரில் அடிபட்ட கையோடு 1963ல், கல்கத்தா அருகே 1000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து அமெரிக்கக் குரலோடு பங்கிட்டுக்கொள்ள நேரு அரசே ஒப்பந்தம் போட்டது. அணிசேராக் கொள்கை என்னாயிற்று என்று எழுந்த கூச்சலில்தான் கைவிட்டது.

அலைநீளம் சொல்லும் சாட்சி

டெல்லியின் சந்தேகத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருந்தன. பொறியியல் படித்தவர்கள் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் கேள்வி, நீர்மூழ்கியோடு பேச முடியுமா? சிற்றலை ஒலிபரப்பு 10 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 30 மீட்டர். உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி. அந்த அலை கடலில் எட்டு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிக்கு அது எட்டவே எட்டாது. அதற்கு வேண்டியது மிகத் தாழ் அதிர்வெண், வி.எல்.எஃப். 18 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் பதினாறு கிலோமீட்டருக்கு மேல்! அந்த அலை பத்து இருபது மீட்டர் ஆழம் வரை போகும். ஆனால் அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். ஒளித்து வைக்கவே முடியாது. தவிர, அமெரிக்காவுக்கு அந்த வசதி 1967லிருந்தே ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப்பில் இருந்தது.

பேசுகிறவன் எப்படியும் மாட்டிக்கொள்வான். எந்த அதிர்வெண், எந்தத் திசை, எவ்வளவு வலு என்பதையெல்லாம் மண்டபத்தில் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டே அளந்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி, அங்கே ஒட்டுக் கேட்கிறார்களா? இதற்கு அளவுகோல் கிடையாது. கேட்கிற கருவி வெளியே ஏறக்குறைய எதையுமே விடாது. கம்பியும் நாலு பெட்டியும் ஹெட்போன் மாட்டிய ஆளும் போதும். கோல்ஃப் மைதானத்தில் அதுதான் நடந்தது. உள்ளே நுழைந்து பார்க்காமல் ‘இல்லை’ என்று யாராலும் நிரூபிக்க முடியாது. உள்ளே விட்டால் அது இன்னொரு நாட்டின் இறையாண்மையில் கை வைப்பது.

ஆக, 1987 கடிதத்தின் அந்த வரி, பாதியைச் சோதிக்க முடிகிற, மறுபாதியை நம்ப மட்டுமே முடிகிற நிபந்தனை. நம்பிக்கை இருக்கும் இடத்தில் அப்படி ஒரு வரி தேவைப்படாது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அதனால் பலன் கிடையாது. சிங்களப் பொதுமக்களுக்கோ அது பெரிய அண்ணன் போட்ட மூக்கணாங்கயிறாகத் தெரிந்தது. அந்தக் கோபம் ஜே.வி.பி.யின் கிளர்ச்சிக்கு விறகானது. தமிழர்கள் தரப்பில் எழுந்த கேள்வி வேறு: இந்தியா வந்தது எங்களுக்காகவா, திருகோணமலைக்காகவா? கடிதத்தைப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது கஷ்டம். எனக்கும்தான். இரண்டுக்காகவும் வந்தார்கள் என்றே நினைக்கிறேன். இரண்டும் முரண்பட்ட இடத்தில் எது முந்தியது என்பதை வடக்கு கிழக்கின் அடுத்த மூன்று வருஷங்கள் காட்டின. 1,100க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும், எண்ணிக்கை தெரியாத தமிழ்க் குடிமக்களும் செத்தார்கள்.

நிலையம் என்னவோ வந்தே தீர்ந்தது. பனிப்போர் முடிந்து, டெல்லியும் வாஷிங்டனும் நெருங்கத் தொடங்கிய 90களில், சிலாபத்துக்குத் தெற்கே இரணைவில என்ற கடலோர ஊரில் கட்டினார்கள். இந்த முறை எதிர்த்தவர்கள் அந்த ஊரின் கத்தோலிக்க மீனவர்கள். உளவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. நிலம் போகிறதே, கதிர்வீச்சால் உடம்புக்கு என்ன ஆகும், மீன்பாடு என்ன ஆகும் என்பதுதான் கவலை. ராஜீவும் ஜெயவர்த்தனாவும் எழுதிக்கொண்ட கடிதத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

விஜயநாராயணம்

1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. அதே வருஷம் அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளத்தைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். இந்தியாவின் முதல் வி.எல்.எஃப். நிலையம். வேலை, கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. அதன் கம்பங்களில் உயரமானவை 471 மீட்டர். நாட்டிலேயே உயரமான கட்டுமானம்.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நீர்மூழ்கியோடு பேசும் கம்பம் இலங்கையில் வந்துவிடுமோ என்று டெல்லி பதறிய காலமும், நம் வறண்ட பூமியில் பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவே அதே வேலைக்கான கம்பம் எழும்பிய காலமும் ஒன்றேதான். பிரிட்டிஷ்காரன் தூக்கில் போட்டவரின் பெயரை, பிரிட்டிஷ்காரன் வழக்கப்படியே கரையில் நிற்கும் ‘கப்பலுக்கு’ வைத்தார்கள்.

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அணு நீர்மூழ்கி வைத்திருக்கும் நாட்டுக்கு இந்தக் கம்பம் தேவை. அடுத்த வீட்டுக் கம்பத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட நாம், நம் வீட்டுக் கம்பத்தைப் பற்றிக் கேட்டோமா என்பதுதான் விஷயம். இரண்டாவது வி.எல்.எஃப். நிலையத்துக்குத் தெலங்கானாவின் விகாராபாத் அருகே தாமகுண்டம் காட்டில் 2,900 ஏக்கர் ஒதுக்கி, 2024 அக்டோபர் 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மரங்கள் போகும், மூசி ஆற்றின் பிறப்பிடம் கெடும் என்று அங்கே போராட்டம் நடந்தது. இரணைவில மீனவர்கள் கேட்டதற்கும் இதற்கும் மொழிதான் வேறு. தேசப் பாதுகாப்பு என்ற ஒரே பதிலில் நிலம், தண்ணீர், காடு பற்றிய கேள்விகளையெல்லாம் சேர்த்து மூடிவிட முடியும். அந்தக் கம்பத்தில் பேசப்படுவது ரகசியமாக இருக்கட்டும். அதற்காக எடுத்த நிலத்தின் கணக்கு எதற்கு ரகசியமாக இருக்க வேண்டும்?

இரணைவிலயில் 2016ல் ஒலிபரப்பு நின்றது. சிற்றலை கேட்க ஆள் இல்லாமல் போன காலம். ஒட்டுக்கேட்கும் தொழில் அதற்கு முன்பே கடலடி இணையக் கேபிள்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் நகர்ந்துவிட்டது என்பதை 2013ல் ஸ்னோடென் உலகுக்கே காட்டிவிட்டார். அதற்குக் கம்பம்கூடத் தேவையில்லை. யாரும் பார்த்துச் சந்தேகப்படவும் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கடிதம் எழுதிக்கொண்ட அந்த நிலையம், 2020ல் கொரோனா நோயாளிகளுக்கான சிகிச்சை மையமாக மாறியது.