செல்லரித்த அட்டவணைகள்

புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் இல்லை. ஏடுகளிலேயே அவை அழிந்துபட்டன. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், 269ஆம் பாடலை மேலேற்றி அந்த இடைவெளியை மறைத்துவிடவில்லை. எண்கள் நின்றன, இடம் வெறுமையாக விடப்பட்டது. சிதைந்த அடிகள் வருமிடங்களில் புள்ளிகள் இடப்பெற்றன. எதை இழந்தோம், எவ்விடத்தில் இழந்தோம் என்பதை நாம் இன்றும் அறிவது அதனால்தான்.

கணிப்பொறியின் தரவுத்தளங்கள் சிதைந்து, பின்னர்ச் செப்பனிடப்பட்ட வரலாற்றைப் பார்க்கும்போது இந்தப் பதிப்பு நெறி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1960களில் ஐபிஎம் நிறுவனம் 'ஐசாம்' என்றொரு முறையை வகுத்தது. பதிவுகளை வரிசையாக அடுக்கி வைத்து, தேடுவதற்கெனத் தனியே ஒரு சுட்டியை அமைப்பது அதன் சாரம். 1995இல் சுவீடனில் உருவான மைசீக்வெல் இம்முறையின் வழிவந்தது. (அப்பெயரின் முற்பகுதி, அதனை ஆக்கியவர்களுள் ஒருவரான விடேனியஸின் மகள் பெயர்.) அதன் 'மைஐசாம்' அட்டவணை வகையே 2010இல் 5.5ஆம் பதிப்பு வரும்வரை இயல்பிருப்பாக இருந்தது. சிறு வழங்கிகளில் தமிழ் எழுத்துகள் குடியேறிய காலமும் ஏறத்தாழ அதுவே.

மைஐசாம் அட்டவணை ஒவ்வொன்றும் மூன்று கோப்புகளால் ஆனது: அமைப்பு, தரவு, சுட்டி. சுட்டிக் கோப்பைப் பாட்டு முதற்குறிப்பு அகராதிக்கு ஒப்பிடலாம். நூல் முழுமையாக இருந்தால் கிழிந்த அகராதியை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். நூலே கிழிந்துபோனால் அகராதியால் பயனில்லை. சுட்டியில் நேரும் மாற்றங்கள் வட்டில் எழுதி முடிக்கப்படுமுன் மின்சாரம் நின்றால், அட்டவணை பழுதுற்றதாகக் குறிக்கப்பட்டு 145ஆம் எண் பிழைச்செய்தி தோன்றும். 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தைக் கண்ட பூலாம்பாடி போன்ற ஊரினருக்கு, நினையாத கணத்தில் மின்சாரம் நிற்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

செப்பனிடும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வழங்கியை நிறுத்துதல். பழுதுற்ற மூன்று கோப்புகளையும் அப்படியே வேறிடத்தில் படியெடுத்தல். வட்டில் போதிய இடம் இருக்கிறதா என்று நோக்குதல். அதன் பின்னரே சோதனை. தொடக்கத்தில் சுட்டியை மட்டும் புதுக்கும் விரைவு முறை. அது பயன்படாவிடில் தரவுக் கோப்பைத் தொடும் முறை. இந்த இரண்டாம் முறைதான் அச்சத்துக்குரியது. படிக்க இயலாத வரிகளை அது விலக்கிவிட்டு, நூறு வரிகள் தொண்ணூற்றைந்து ஆயின என்ற அளவில் ஓர் அறிவிப்பைத் தரும். விலக்கப்பட்ட ஐந்து எவை என்று சொல்லாது. வரிசை எண்களில் இடைவெளி தெரியலாம். ஆயினும் அது சிதைவால் நேர்ந்ததா, முன்பு யாரேனும் வேண்டுமென்றே நீக்கியதா என்பதை எவ்வாறு அறிவது? புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர் அங்கே இல்லை.

தமிழுக்கு மட்டும் இன்னொரு துன்பம் கூடுதலாக வாய்த்தது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்னும் சொல் 15 பைட்டுகளைக் கொள்ளும். மைசீக்வெலின் பழைய இயல்பிருப்போ சுவீடிய வரிசைமுறை கொண்ட லத்தீன் எழுத்துத்தொகுதி. லத்தீன் என்று பெயரிட்ட பெட்டிக்குள் தமிழைப் போட்டுவைத்திருந்தவர்கள், 2004இல் 4.1ஆம் பதிப்பு யூனிகோடுக்கு வழி திறந்தபின் நேராக மாற்ற முயன்றால், ஒவ்வொரு பைட்டும் தனியோர் எழுத்தாகிப் பக்கம் முழுதும் ஐரோப்பியக் குறிகள் நிறையும். இது உண்மையான இழப்பன்று. அப்பத்தியை முதலில் வெறும் இருமமாக மாற்றி, பின்னர் யூனிகோடு என அறிவித்தால் எழுத்துகள் மீளும். எழுத்துகள் வினாக்குறிகளாக மாறியே சேமிக்கப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. அங்கே மீட்பதற்கு ஒன்றுமில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஏடு படிப்பவனின் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது நம் எண்ணம்.

இன்று இயல்பிருப்பாக உள்ள இன்னோடிபி, மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, மின்சாரம் நின்று மீண்டால் அதைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வட்டே கெட்டால் அதற்கும் துணையில்லை. கட்டாய மீட்புக்கு 1 முதல் 6 வரை படிகள் உண்டு. நான்கும் அதற்கு மேலும் தரவையே நிலையாகக் கெடுக்க வல்லவை. எனவே சிறிய எண்ணில் தொடங்கி, எழுந்து நின்ற படியிலேயே அனைத்தையும் வெளியே எடுத்துவிடுவது முறை.

2009 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் மாக்னோலியா என்னும் நூற்குறி சேமிப்புத் தளம் வீழ்ந்தது. சில சிறு கணினிகளில் இயங்கிய அதன் மைசீக்வெல் தரவுத்தளம் ஏறத்தாழ அரை டெராபைட். காப்புப்படி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சிதைந்த கோப்பையே உண்மையுடன் படியெடுத்து வந்திருந்தது. பயனர்களின் சேமிப்பு மீளவில்லை. பிழையான மூலத்தைப் பிழையின்றிப் படியெடுக்கும் எழுத்தரை நம் சுவடி வரலாறும் அறியும்.

சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்ற குன்னமும், விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை கேட்ட செங்கணமும் பூலாம்பாடி இருக்கும் இதே பெரம்பலூர் மாவட்டத்தில்தான் உள்ளன. பிற்காலத்தில் நூல்களை அச்சேற்றிய பின்னும் அவர் ஏடுகளை எறிந்துவிடவில்லை. அவர் தொகுத்த சுவடிகள், 1943இல் சென்னையில் அவர் பெயரால் தொடங்கப்பெற்ற நூல்நிலையத்தில் உள்ளன. ஐயம் எழுந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அட்டவணையைச் செப்பனிட்டவர்கள் பெரும்பாலும் அடுத்த நாளே பழைய கோப்பை அழித்துவிடுகிறார்கள், வட்டில் இடம் போதவில்லை என்று.