பூட்டில்லாத சைக்கிள்

மியூஸியத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் என் சைக்கிளைக் காணோம்.

'என் சைக்கிள்' என்று சொல்வதே தவறு. காலையில் ஒட்டர்லோ வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனதும், அங்கே வரிசை வரிசையாக நின்ற வெள்ளைச் சைக்கிள்களில் ஒன்றை நானாக எடுத்துக்கொண்டேன். வாடகை கிடையாது. பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பூட்டும் இல்லை. கைப்பிரேக்கைத் தேடினேன், அதுவும் இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்குமாம். இந்த ரகசியம் தெரிவதற்கு முன் ஒரு முறை புதருக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் மூன்று மணி நேரம் சேர்ந்து சுற்றிவிட்டால் யாரிடமும் ஒரு பாசம் வந்துவிடுகிறது. சீட்டை என் உயரத்துக்குத் தாழ்த்தி, நன்றாகப் பழக்கி வைத்திருந்த வண்டி அது.

வாசலில் நின்ற பெரியவர் ஒருவரிடம் முறையிட்டேன். அவருக்கு நான் எதற்காக வருத்தப்படுகிறேன் என்பதே முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அதோ நிற்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

ஹாலந்து தேசத்தின் கெல்டர்லாந்து மாகாணத்தில் இருக்கிறது ஹோகே வேலூவே என்னும் அந்த வனம். அவசரத்தில் வேலூர் என்று படித்துவிட வேண்டாம்; நம் வேலூருக்கும் அதற்கும் ஒற்றுமை எழுத்தோடு சரி. 5,400 ஹெக்டேர் பரப்பு. நம் கணக்கில் 13,000 ஏக்கருக்கு மேல். பைன் மரக் காடு, காடு முடிந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஹீத் என்னும் புதர் மண்டிய வெட்டவெளி, அதற்கும் அப்பால் வெறும் மணல். ஆகஸ்டு மாதத்தில் அந்தப் புதர் முழுவதும் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துவிடும். நிலம் அநேகமாக மட்டம். அங்கங்கே லேசாக மேடு தட்டினால், அது பனியுகத்தில் உறைபனி தள்ளிக் குவித்த மணலும் சரளையும்தான். பாதையில் மோட்டார் இல்லை. சக்கரத்துக்கு அடியில் சரளை நெரிபடும் சத்தம் ஒன்றுதான் துணைக்கு வருகிறது.

இப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தவுடன், "ஆகா, மனிதன் கை படாத இயற்கை!" என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். பிறகு விசாரித்தபோது வெட்கமாகிவிட்டது. அந்த வெட்டவெளியில் மனிதன் கை படாத ஒரு சாண் நிலம் கூட இல்லை.

ஆதியில் அது காடு. குடியானவர்கள் மரத்தை வெட்டினார்கள். ஆட்டை மேய விட்டார்கள். மணற்பாங்கான பூமியில் எருவில்லாமல் என்ன விளையும்? நம் பக்கத்தில் ஆட்டுக்காரர்கள் வயலிலேயே கிடை போடுவார்கள். அங்கே பகலெல்லாம் புதர்வெளியில் மேய்ந்த ஆடுகளை இரவில் கொட்டிலில் அடைத்தார்கள். ஹீத் புதரை வேரோடும் மண்ணோடும் பத்தை பத்தையாக வெட்டிக்கொண்டு வந்து கொட்டிலில் பரப்பினார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய அந்தப் பத்தைகளை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் இப்படியே செய்ததில் சில ஊர்களில் வயல் மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிட்டது. வயல் உயர்ந்தது, மற்ற இடமெல்லாம் மேல்தோல் உரிந்து நின்றது. தோல் உரிந்த இடத்தில் காற்று புகுந்தது. மணல் நடக்க ஆரம்பித்தது.

மணல் நடக்கும் என்பது கவிஞன் பேச்சு அல்ல. பக்கத்திலேயே கோட்வைக் என்ற இடத்தில் பழைய குடியிருப்பு ஒன்றை மணல் மூடி, பிற்காலத்தில்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். இன்று அங்கே போனால் ஹாலந்து என்றே நம்ப முடியாது. பாலைவனத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்தாற்போல் இருக்கும். 1899-ல் டச்சு சர்க்கார் வன இலாகாவை ஏற்படுத்தியபோது அதன் முக்கியமான வேலையே இந்த மணலை ஓரிடத்தில் நிற்க வைப்பதுதான். பைன் கன்றுகளை வரிசையாக நட்டார்கள். மரம் வளர்ந்ததும் நிலக்கரிச் சுரங்கங்களில் முட்டுக் கொடுக்க உதவிற்று. நான் போன காட்டில் மரங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல் ஏன் வரிசையாக நின்றன என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்குள் ரசாயன உரம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியக் கம்பளி வந்து ஆட்டுக்காரர்களின் பிழைப்பையும் கெடுத்தது. பத்தை வெட்ட ஆளில்லை. புதர்வெளி யாருக்கும் வேண்டாத நிலமாயிற்று. யாருக்கும் வேண்டாத நிலத்தைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் சைக்கிள்காரர்கள்.

டச்சுச் சைக்கிள்காரர்களின் சங்கம் 1883-ல் ஆரம்பமானது. இரண்டு வருஷம் கழித்து, 1885-ல், உட்ரெக்ட் நகரத்தில் மாலிபான் என்னும் மரச்சாலையை ஒட்டி அந்த நாட்டின் முதல் சைக்கிள் பாதை உண்டாயிற்று. நகரத்தில் சரி. புதர்வெளியில்? வண்டித்தடம் இரண்டு பக்கமும் ஆழமாகப் பதிந்து, நடுவில் குதிரைக் குளம்பு கிளறிய மணல். மணலில் சைக்கிள் விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். நாம் சைக்கிளை ஓட்டுவதற்குப் பதில் சைக்கிள் நம்மைத் தள்ளச் சொல்லும். ஆகவே ஓரத்தில் ஒற்றையடித் தடம் ஒன்றைக் கெட்டிப்படுத்திக்கொண்டார்கள். சில பகுதிகளில் இதற்கென்றே தனிச் சங்கங்கள் கிளம்பின. ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே உள்ள கோய் பகுதியில் 1914-ல் அப்படி ஒன்று தோன்றியது. பணக்காரச் சர்க்கார் வேலை அல்ல இது. அங்கத்தினர்கள் சந்தா கட்டிப் பாதை போட்ட கதை.

எதைக் கொண்டு போட்டார்கள் தெரியுமா? சரளை கிடைத்த இடத்தில் சரளை. மற்ற இடங்களில் கடலிலிருந்து வாரி வந்த கிளிஞ்சல். உருண்டைக் கூழாங்கல் சக்கரத்துக்கு அடியில் நழுவும். உடைந்த கல்லும் கிளிஞ்சலும் ஒன்றின் முனையை ஒன்று பற்றிக்கொள்ளும். களிமண் கொஞ்சம் கலந்தால் இறுகிவிடும். மழைத் தண்ணீர் நிற்காமல் மணலுக்குள் இறங்கிவிடும். இன்னொரு சௌகரியமும் உண்டு. இருட்டினால், காட்டுக்குள் கிளிஞ்சல் பாதை மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

வழிகாட்டிப் பலகையிலும் ஒரு நாகரிகத்தைக் கண்டேன். வெட்டவெளியின் நடுவே நெட்டைக் கம்பம் நட்டால் கண்ணை உறுத்துமே என்று, லெலிமன் என்ற கட்டடக் கலைஞர் முழங்கால் உயரத்தில் காளான் வடிவில் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். 1919 முதல் அந்தக் காளான்கள் நாடெங்கும் முளைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சைக்கிளிலிருந்து இறங்கிக் குனிந்துதான் படிக்க வேண்டும். வழி கேட்பவன் கொஞ்சம் வணங்கினால் குறைந்துபோய்விடாது.

சைக்கிள் பெருகியது. பெருகிய இடத்தில் வரி வந்து சேர்வது உலக வழக்கம். நம் ஊர் நகரசபைகள் சைக்கிளுக்கு வில்லை கொடுத்து வரி வாங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஹாலந்தில் 1924-ல் தேசம் முழுவதற்கும் வரி போட்டார்கள். வருஷத்துக்கு 3 கில்டர். கட்டியதற்கு அடையாளமாக ஓர் உலோக வில்லை. பிறகு பொருளாதார மந்தம் வந்தது. வேலையில்லாதவன் வரிப் பணத்துக்கு எங்கே போவான்? அவனுக்கு வில்லையை இனாமாகவே கொடுத்தார்கள். ஆனால் அந்த வில்லையின் நடுவே ஒரு துளை போட்டுக் கொடுத்தார்கள். துளையுள்ள வில்லைக்காரன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறக்கூடாது என்றும் விதி இருந்ததாக அந்த நாட்டார் இன்றும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை தேடிப் போக முடியாதல்லவா? அப்படியானால் சவாரி உல்லாசத்துக்குத்தானே? தர்மம் செய்கிறவனுடைய தர்க்கம் எப்போதுமே அபாரமாக இருக்கும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு அலைந்தவன் ஏழாம் நாள் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு புதர்வெளிக்குப் போனால், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் துளையைப் பார்ப்பார்கள். அந்த வரியை 1941-ல் எடுத்தது யார் என்பது இன்னும் விசித்திரம்: நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர். அடுத்த ஆண்டிலேயே சைக்கிள்களையும் பறிமுதல் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்தத் துளை வில்லைக்காரன் எப்படியோ புறப்பட்டு வந்திருந்தாலும், நான் சுற்றிய வனத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. அது ஒரு தம்பதியின் சொத்தாக இருந்தது. அந்தோன் க்ரோலர், ராட்டர்டாம் வியாபாரி. மனைவி ஹெலீன், ஜெர்மனியில் பிறந்தவள், வியாபாரம் அவளுடைய தகப்பனார் வழி வந்தது. கப்பல், தானியம், இரும்புத்தாது என்று பணம் குவிந்தது. 1909 முதல் க்ரோலர் யாருக்கும் வேண்டாத புதர்வெளியைத் துண்டு துண்டாக வாங்கி, சுற்றி வேலி போட்டார். உள்ளே மான், கார்ஸிகா, சார்டீனியா தீவுகளிலிருந்து 1921-ல் கொண்டுவந்த காட்டு ஆடு, வேட்டைக்கு வருகிறவர்கள் தங்க பெர்லாகே என்ற பெரிய கட்டடக் கலைஞர் கட்டிய மாளிகை. ஆட்டை மேய்த்துப் பிழைத்தவர்கள் உண்டாக்கிய வெளியில், சுடுவதற்காக ஆடு இறக்குமதி ஆயிற்று!

கணவனுக்கு வேட்டை, மனைவிக்குச் சித்திரம். வான்கோவின் படங்களை உலகம் முழுவதும் ஏற்காத நாளிலேயே ஹெலீன் வாங்கத் தொடங்கி, 90-க்குச் சற்றுக் குறைவான ஓவியங்களைச் சேர்த்துவிட்டாள். அவற்றுக்காக அந்த வனத்தில் மாபெரும் மாளிகை ஒன்றைக் கட்ட ஆரம்பித்தாள். 1922-ல் பணமுடை வந்து வேலை நின்றுபோயிற்று. 1930-களில் நிலைமை இன்னும் மோசம். நிலமும் போய்விடும், படங்களும் சிதறிவிடும் என்ற கட்டத்தில், 1935-ல், படங்களைத் தேசத்துக்கே கொடுத்தார்கள். நிலத்தை வாங்க ஒரு பொது அறக்கட்டளை ஏற்பட்டது. அதற்குச் சர்க்கார் 8 லட்சம் கில்டர் கடன் கொடுத்தது. கனவு மாளிகைக்குப் பதில் அடக்கமான கட்டடம் ஒன்று 1938-ல் திறக்கப்பட்டது. ஹெலீன் அடுத்த வருஷமே காலமானாள்.

வெட்டவெளியை உண்டாக்கியது தரித்திரம். வேலி போட்டது செல்வம். கதவைத் திறந்துவிட்டதோ கடன். ஹெலீனுக்கு மட்டும், தான் சேர்த்ததெல்லாம் பொதுஜனங்களுக்கே என்ற எண்ணம் கடனுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம்.

வெள்ளைச் சைக்கிளின் பிறப்பு வேறு ஊரில். 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் கூட்டம், மோட்டார் நகரத்தைத் தின்கிறது என்று கலகம் செய்தது. ஸ்கிம்மல்பென்னிங்க் என்பவர் யோசனைப்படி சில சைக்கிள்களுக்கு வெள்ளைச் சாயம் பூசி, பூட்டாமல் தெருவில் விட்டார்கள்: யார் வேண்டுமானாலும் ஏறுங்கள், இறங்கும் இடத்தில் விடுங்கள் என்று. பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது குற்றம் என்று போலீஸார் அவற்றை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். நகரத்தில் தோற்ற அந்த எண்ணம், 1970-களின் நடுவில், க்ரோலரின் பழைய வேட்டைக் காட்டில் வந்து பிழைத்துக்கொண்டது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைச் சைக்கிள்கள் அங்கே இருக்கின்றன.

அது பிழைத்ததற்குக் காரணம் வேலிதான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நுழைவுச் சீட்டும் வாசலும் இருப்பதால்தானே வண்டி வெளியே போகாமல் இருக்கிறது? வேலியால் எல்லாவற்றையும் காத்துவிடவும் முடியவில்லை. சமீப வருஷங்களில் ஓநாய்கள் உள்ளே புகுந்து, க்ரோலர் கொண்டுவந்த காட்டு ஆடுகளை அருகச் செய்துவிட்டன.

பெரியவர் காட்டிய சைக்கிளில் ஏறினேன். சீட் மிக உயரம். யாரோ ஓர் ஆறடி மனிதருக்கு ஏற்றபடி இருந்தது. நுனிக்காலால் மிதித்துக்கொண்டு மூன்று மைல் வந்தேன். பைன் காடு முடிந்து புதர்வெளி ஆரம்பிக்கும் திருப்பத்தில், எதிரே ஓர் அம்மாள் வெள்ளைச் சைக்கிளில் வந்தாள். முழங்கால் கிட்டத்தட்ட மோவாயில் இடிக்கிறது. சீட் அவ்வளவு தாழ்ந்திருந்தது. எனக்கு வண்டியை அடையாளம் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லலாமா என்று பெடலைப் பின்னோக்கி மிதிப்பதற்குள் அவள் ஒரு புன்னகை செய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டாள்.