பைப் என்றால் குழாய்

லண்டனின் தென்பகுதியில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். முதன்முறையாக சைக்கோசிஸ் என்ற கடும் மனநோய் வந்தவர்களின் நினைவாற்றல், கவனம், யோசனையின் வேகம் இவற்றைச் சோதிப்பது என் பொறுப்பு. மேசை இழுப்பறையில் 50 ஆங்கிலச் சொற்கள் அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். ஹேசல் நெல்சன் உருவாக்கி 1982இல் கையேடாக வந்த வாசிப்புச் சோதனை அது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே பி எழுத்து உண்டு, ஒலிக்காது. எழுத்துக்கூட்டினால் தப்பாகிவிடும் அத்தகைய சொற்களாகவே பொறுக்கியிருக்கிறார்கள். மூளை நோயுற்ற பிறகும் பழைய வாசிப்பு பெரும்பாலும் அழியாது. அதைக் கொண்டு நோய்க்கு முன்பிருந்த அறிதிறனைக் கணிக்கலாம் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவருக்கும், சரியான பள்ளிப்படிப்பு கிடைக்காதவருக்கும் இதே தாளை நீட்டினால், அவருடைய பழைய திறனே குறைவென்று வரும். பிறகு நோய் எவ்வளவு பறித்தது என்பது எங்கள் கணக்கில் தெரியவே தெரியாது.

ஒருமுறை 19 வயதுப் பையன் ஒருவனுக்குத் துணையாக அவன் பாட்டி வந்திருந்தார், ஜமைக்காவில் பிறந்தவர். தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. தன் மகனையும் சிறுவயதில் இப்படித்தான் சோதித்து வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள் என்றார்.

அவர் சொன்னது ஒரு தலைமுறையின் கதை. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்ததற்குப் பின் இங்கே குடியேறிய கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் 1960களில், மந்தபுத்திக்காரர்களுக்கு என்று ஒதுக்கிய பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்பட்டார்கள். கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறுநூல் எழுதி அதை அம்பலப்படுத்தினார். பிள்ளைகளைப் பிரிக்கும் அறிதிறன் சோதனையில், தண்ணீர்க் குழாய்க்கு ஆங்கிலேயர் சொல்லும் 'டேப்' என்ற சொல் ஜமைக்காக் குழந்தைக்குப் புரியாது. அங்கே அது 'பைப்' என்று அவர் காட்டியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு மதுரையில் எங்கள் தெருமுனை நினைவுக்கு வந்தது. நாங்களும் 'பைப்'பில்தான் தண்ணீர் பிடித்தோம். அந்தச் சோதனையில் நானும் தோற்றிருப்பேன்.

1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த வகைப்பாட்டை ஒழித்தது. ஆனால் அந்தப் பள்ளிகளில் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

மனநோய் ஆய்விலும் இதே கேள்வி எழுந்தது. 1997இல் தொடங்கி லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் நகரங்களில் நடந்த 'ஏசாப்' என்ற சைக்கோசிஸ் ஆய்வு, கரீபிய வம்சாவளியினரிடையே மனச்சிதைவு நோய் வெள்ளையரைவிட ஏறக்குறைய 9 மடங்கு பதிவாவதைக் கண்டது. மூளையில்தான் ஏதோ இனக்குறை என்று சொல்லிவிட ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆய்வு உருப்படியாகச் செய்த ஒன்று, அதே பகுதிகளில் வாழும் நோயற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு கரீபிய இளைஞனை அவனைப் போலவே வளர்ந்த, நோயில்லாத இன்னொருவனோடு ஒப்பிட்டால்தான் நோயின் பங்கு எது, பள்ளியின் பங்கு எது என்று பிரித்தறிய முடியும். வெள்ளையர் சராசரியோடு ஒப்பிட்டு 'இன வேறுபாடு' என்று எழுதுவது பெரும் தவறு என்பேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தாளை நீட்டுவதற்கு முன் எந்தப் பள்ளி, எத்தனை வருடம், வீட்டில் என்ன மொழி என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண் அதற்குக் கீழே வரட்டும்.