ஆட்டமும் விதியும்

1

2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு, 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் ஓர் இணைப்பு வெளியானது. அதில் 'திராவிடர்' என்று ஓர் இனம் உண்டு. அந்த இனத்துச் சிப்பாயை மௌஸால் தொட்டால் அவன் தமிழில் பதில் சொல்கிறான். கடலில் 'திரிசடை' என்ற பெயரில் கப்பல் ஓடுகிறது. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் தனிக் கதைத்தொடராக வருகின்றன. 'உருமி' சுழற்றும் காலாட்படையும் இருக்கிறது. (நம் சிலம்பக்காரர்களுக்கு அது சுருள்வாள். உறுமி என்றால் இந்தப் பக்கத்தில் மேளம்தான்.)

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் போனில் காட்டி, "சார், நம்ம ஆளுக தமிழ்ல பேசுறாங்க" என்றார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. இந்த ஆட்டத்தை இருபது வருஷங்களாக ஆடி வருகிறவன் நான். ஆனால் ஒரு சந்தேகத்தை அவரிடம் சொல்லத் தோன்றியது. சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

பாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயரிட்டுக் கதையை ஒரு தமிழ் ஊரில் நடத்திவிட்டால் மட்டும் அது தமிழ் அனுபவமாகிவிடாது என்று, நமக்கு முன்னால் இத்தகைய பத்திரிகைகளை நடத்தியவர்கள் ஓயாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். உருவம், உள்ளடக்கம் என்று அலுத்துப்போகும் அளவுக்குப் பேசப்பட்ட விஷயம் அது. ஆட்டத்தைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஆட்டத்தின் உருவம் எது? யானையா, கோபுரமா, குரலா? இவையெல்லாம் மேலே ஒட்டிய லேபிள்கள். ஆட்டத்தின் உருவம் அதன் விதி. எதைச் செய்யலாம், எதைச் செய்யவே முடியாது, எது கணக்கில் வரும், எது வராது என்று நிர்ணயிப்பதில்தான் ஓர் ஆட்டம் உலகத்தைப் பற்றிய தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது.

2

இதற்குச் சரித்திரச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய 'ஹர்ஷசரித'த்தில் சதுரங்கம் குறிப்பிடப்படுகிறது. அந்த ஆட்டம் பாரசீகம் போய், அரேபியர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. வழியில் நம் யானை கிறிஸ்தவ பிஷப் ஆனது, மந்திரி ராணியானார். மந்திரியாக இருந்தவரை ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாத அந்தக் காய், பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் பலகையிலேயே பலம் மிக்க காயாக மாறியது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் அடிப்படை மட்டும் நகரவில்லை. சம பலமுள்ள இரண்டு படைகள், அகப்பட்டால் எல்லாம் முடிந்துவிடுகிற ஓர் அரசன், முதலில் சாவதற்கென்று முன்வரிசையில் நிறுத்தப்பட்ட சிப்பாய்கள், இவற்றையெல்லாம் மேலிருந்து பார்க்கிற ஒரு கண்.

1780ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, மலையும் ஆறும் சேர்த்து, யுத்தப் பயிற்சியாக்கினார். 1824ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி கட்டங்களை எடுத்துவிட்டு நிலப்படத்தையும் தாயக்கட்டையையும் கொண்டுவந்தார். பிரஷ்யத் தளபதிகள் அதைத் தங்கள் அதிகாரிகளுக்கான பாடமாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1913ல் ஹெச். ஜி. வெல்ஸ் அதே யோசனையைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுக்கூடத்தில் ஆடும் ஆட்டமாக்கிப் புத்தகம் எழுதினார். 1971ல் அமெரிக்காவில் 'செயின்மெயில்' என்ற பொம்மைப்போர் விதிப்புத்தகம், பின்னிணைப்பில் மந்திரவாதிகளையும் டிராகன்களையும் சேர்த்தது. அதிலிருந்து 1974ல் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1994ல் 'வார்கிராஃப்ட்', 1995ல் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்'. இன்று மாயாஜால வியூக ஆட்டம் என்று நாம் ஆடுகிற எல்லாவற்றுக்கும் வம்சாவளி இதுதான். டிராகனின் தோலைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே ஒரு பிரஷ்ய அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

அதிகாரி மட்டுமல்ல, ஒரு குமாஸ்தாவும் உட்கார்ந்திருக்கிறான். என் உத்தியோகத்தால்தான் எனக்கு இது கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். 'ஹீரோஸ்' ஆட்டத்தில் ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஓர் இருப்பிடம் கட்டுகிறோம். வாரம் பிறந்ததும் அங்கே புதிய ஜந்துக்கள் இத்தனை என்று தயாராக இருக்கும். பொன் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். டிராகனும் அப்படித்தான். எடுக்காமல் விட்டால் சேர்ந்துகொண்டே போகும், டெபாசிட்டில் வட்டி ஏறுகிற மாதிரி. விக்கிரமாதித்தன் கதையிலும் மதனகாமராஜன் கதையிலும் மாயம் இப்படி வேலை செய்வதில்லை. அங்கே வரத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கும், சாபத்துக்கு ஒரு நிவர்த்தி இருக்கும், கேட்டவனுக்கு ஒரு நஷ்டம் நிச்சயம் இருக்கும். கம்ப்யூட்டர் ஆட்டத்தின் மாயத்தில் பற்றும் வரவும்தான் இருக்கின்றன. அதை மாயம் என்று அழைப்பது பேரேட்டின் அட்டையில் டிராகன் படம் ஒட்டுவது மாதிரி.

3

நான் இதை ஆடக் கற்றுக்கொண்டது சிவகாசியில் மாமா நடத்திய டி.டி.பி. சென்டரில். பகலெல்லாம் காலண்டருக்கும் பட்டாசு லேபிளுக்கும் பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கிற இரண்டு கம்ப்யூட்டர்கள். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானபின் சில நாட்களுக்கு வேலை கொஞ்சம் தணியும். அந்த ராத்திரிகளில் இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, யாரோ எங்கிருந்தோ நகலெடுத்துக் கொடுத்த சி.டி.யிலிருந்து ஆட்டத்தை ஏற்றி, விடியும்வரை ஆடுவோம். மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. பக்கம் அமைக்கிற மென்பொருளும் அப்படி வந்ததுதான். இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, குற்ற ஒப்புதலாகவும் சொல்லவில்லை. இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் கலாசாரம் இப்படித்தான் வந்தது.

அந்தக் கலாசாரத்தில் மரியாதைக்குரிய ஒரு பகுதி உண்டு. 1999ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் வந்தபோது அதில் பதின்மூன்று இனங்கள் இருந்தன, இந்தியர் இல்லை. யானைப்படை பாரசீகர்களிடம் இருந்தது. அதைத் தயாரித்த 'என்செம்பிள்' நிறுவனம் 2009ல் மூடப்பட்டது. அதன் பிறகு, அந்த ஆட்டத்தின்மேல் பிரியம் கொண்ட சிலர் பல தேசங்களிலிருந்து ஒன்றுசேர்ந்து, ஓய்வு நேரத்தில், யாரும் கேட்காமலே, புதிய இனங்களைச் சேர்த்து 2012ல் வெளியிட்டார்கள். இந்தியர் முதலில் நுழைந்தது அந்த வழியாகத்தான். மறு வருஷமே அது உரிமையாளர்களின் அங்கீகாரத்தோடு விற்பனைக்கு வந்தது. இருநூறு பிரதி அச்சடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பி, பிறகு அதில் எழுதியவர்களைப் பெரிய பத்திரிகைகள் சுவீகரித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

ஆனால் அவர்களும் இனங்களைத்தான் சேர்த்தார்கள். உணவு, மரம், பொன், கல் என்ற நான்கு கணக்குகளையோ, இருண்ட யுகத்தில் தொடங்கிப் பேரரசு யுகத்தில் முடிகிற ஒற்றை ஏணியையோ தொடவில்லை. ராஜேந்திரனும் அந்த ஏணியில்தான் ஏறியாக வேண்டும்.

இதே கலாசாரத்தில் உலவிய ஒரு புராணத்தையும் சொல்ல வேண்டும். 1991ல் வந்த 'சிவிலிசேஷன்' ஆட்டத்தில் காந்தியும் ஓர் அரசர். அவருடைய ஆக்ரோஷம் 1 என்று குறிக்கப்பட்டிருந்ததாம். ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 கழிய, பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத இயந்திரம் அதை 255 என்று எடுத்துக்கொண்டதாம். அதனால்தான் காந்தி அணுகுண்டு வீசினாராம். ஆடுகிறவர்கள் எல்லோரும் இதை நம்பினோம். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையர் 2020ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். 2010ல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் காந்திக்கு அணுகுண்டு ஆசை உச்சத்தில் வைக்கப்பட்டது. அதுவும் தவறி விழுந்த எண் அல்ல; அதை வடிவமைத்தவர்கள் வேடிக்கைக்காக எழுதி வைத்த எண்.

இந்தப் புராணம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? மனிதன் எழுதிய ஒன்றை இயந்திரத்தின் தற்செயல் என்று நம்புவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. தற்செயலுக்கு ஆசிரியர் கிடையாது.

4

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆட்டத்தில் வெடிமருந்து எப்படிக் கிடைக்கிறது? பேரரசு யுகத்தை அடைந்தபின், பல்கலைக்கழகம் என்ற கட்டிடத்தைத் தொட்டு 'ரசாயனம்' என்ற படத்தை அழுத்த வேண்டும். 300 உணவு, 200 பொன். சற்று நேரம் காத்திருந்தால் முடிந்தது. அதன் பிறகு பீரங்கி வார்க்கலாம், எத்தனை வேண்டுமானாலும். யாரும் எதையும் கலக்கவில்லை, காய வைக்கவில்லை, குழலில் அடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் வெறும் 'மருந்து'. வியாதிக்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். வானம் பார்த்த பூமியில் பிழைக்க வழி தேடி, 1920களின் தொடக்கத்தில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சு வந்தது. தீக்குச்சி மருந்து தெரிந்த கைகளுக்குப் பட்டாசு வந்தது. ஓர் ஆட்டக்காரன் இதை அழகான தொழில்நுட்ப மரம் என்பான், ஒன்றைத் திறந்தால் அடுத்தது திறக்கும் என்று. அப்படித்தான் எங்கள் ஊர்ச் சரித்திரத்தை மேடைகளிலும் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த மரத்தின் படத்தில் என் அம்மா இல்லை. ஒன்பது வயசில் அவள் தீப்பெட்டி ஒட்டினாள். குரோஸ் கணக்கில் கூலி. இந்தப் பகுதித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னபோது அவளுக்கு நான் பிறந்து பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருந்தேன்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இடையிலும் பின்னாலும் இரண்டும் மூன்றுமாகப் போனவர்களுக்குத் தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை. மறுநாள் பேப்பரில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: உராய்வின் காரணமாக விபத்து. அந்த வாக்கியத்தில் எழுவாயாக எந்த மனிதனும் இல்லை. ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், இத்தனை கிலோ மருந்துதான் வைக்கலாம், வெளியே மரத்தடியில் வைத்து வேலை செய்யக்கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. தீபாவளி நெருங்கும்போது அவை எப்படி நெகிழும் என்று எல்லோருக்கும் தெரியும். எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "எல்லாம் விதி" என்கிறோம்.

தமிழில் ஒரே சொல்தான். எழுதி வைத்த சட்டமும் விதி, யாரும் எழுதாததாக நாம் நினைக்கிற தலையெழுத்தும் விதி. முதலாவதை மீறியதால் நேர்ந்ததை இரண்டாவதின் கணக்கில் எழுதிவிடுகிற வசதியை இந்தச் சொல் நமக்குத் தருகிறது. காந்தியின் 255ஐ நம்பியதும் இதே மனம்தான்.

5

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். இங்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதாக யாரும் பாவனை செய்வதில்லை. புலி தாண்டிக் குதித்து ஆட்டைத் தின்னும். ஆட்டால் எதையும் கொல்ல முடியாது. நகர முடியாதபடி புலியை மறிக்க மட்டுமே முடியும். தனியாக நிற்கும் ஆடு போய்விடும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. இதை நம் முன்னோர்களின் ஞானம் என்று கொண்டாட வரவில்லை. இதே மாதிரி ஆட்டங்கள் நேபாளத்தில் உண்டு, ஐரோப்பாவில் நரியும் வாத்துமாக உண்டு. பலம் சமமில்லாத இடத்திலிருந்து யோசித்த விதிகளும் உலகத்தில் இருந்திருக்கின்றன என்பதே என் கட்சி. கம்ப்யூட்டர் ஆட்டம் தனக்கு எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மற்றதை.

இதையெல்லாம் ஒருநாள் அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஆட்டத்திலேயே சொந்தமாகக் களம் அமைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. சில நிகழ்ச்சிகளை நாமே விதிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து அதில் ஒரு பொட்டல்காட்டையும் நான்கைந்து ஷெட்டுகளையும் அமைத்தோம். சிறிது நேரத்துக்கு ஒருமுறை, காரணம் சொல்லாமல், ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு குடியானவன் செத்துப்போக வேண்டும் என்று விதித்தோம். செத்தான். ஆட்டம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அந்த இளைஞரின் விரல் பழக்கத்தால் தானாகவே போய் ஊர்மன்றத்தை அழுத்தியது. 50 உணவு கழிந்தது, வாசலில் இன்னொருவன் வந்து நின்றான். தமிழில் ஏதோ சொன்னான்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "சார், அந்தப் புலி ஆட்டத்துல ஆடு போச்சுன்னா திரும்ப வைக்கலாமா?" என்று கேட்டார்.

வைக்க முடியாது. பதினைந்தில் ஒன்று போனால் பதினாலுதான்.