வேரூன்றாத உழவர்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் உழவர் குடும்பத்தின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் பெரும்பாலும் முடிவை முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். முன்னோர் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார், புல்வெளியை உழுதார், பாடுபட்டார், பேரப்பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச் சென்றார் என்பதே அந்த முடிவு. இந்தச் சித்திரத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1870களிலும் 1880களிலும் அயோவா, இல்லினாய், விஸ்கான்சின் என்று கவுன்டிதோறும் தடித்த வரலாற்று நூல்கள் வெளிவந்தன. முன்பணம் கட்டிச் சந்தா சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளே அவற்றில் பெரும்பகுதி. பணம் கட்ட முடிந்தவர் ஊரில் நிலைத்தவர். கடன்பட்டு ஊரைவிட்டுப் போனவருக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை. நிலைத்தவர்கள் எழுதிவைத்ததையே அந்த நிலத்தின் முழு வரலாறாக நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். ஊர்விட்டு ஊர் போனவர்களின் வரலாறுதான் அங்கே பொதுவானது என்பதும், அவர்கள் போனதற்குக் காரணம் மனப்போக்கு அல்ல, கடனும் முதலில்லாமையும்தான் என்பதும் என் வாதம். இதற்குச் சான்றாக, உலகம் முழுவதும் அறிந்த ஓர் உழவர் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது சார்ல்ஸ் இங்கல்ஸின் குடும்பம்.

சார்ல்ஸின் இரண்டாம் மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1932க்கும் 1943க்கும் இடையில் எழுதிய எட்டு நூல்கள் இந்தக் குடும்பத்தைக் கோடிக்கணக்கான வாசகர்களிடம் கொண்டுசேர்த்தன. அந்த நூல்களில் தந்தை மேற்கு நோக்கியே கண் வைத்திருப்பவர். பக்கத்தில் குடிகள் பெருகினால் மூச்சு முட்டுபவர். அவருடைய கால் ஓரிடத்தில் தரிக்காததற்குக் காரணம் அவர் இயல்புதான் என்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் மக்கள்தொகைக் கணக்கேடு, நிலப் பத்திரம், அடமானப் பதிவு, நிவாரணப் பட்டியல் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது.

சார்ல்ஸ் 1836இல் நியூயார்க் மாநிலத்தில் கியூபா என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய தந்தை லான்ஸ்ஃபோர்ட் முதலில் இல்லினாய்க்கும் பிறகு விஸ்கான்சினில் கான்கார்டுக்கும் குடும்பத்தை நகர்த்தினார். கான்கார்டு நிலம் அடமானத்தில் கைவிட்டுப் போயிற்று. அங்கேதான் இங்கல்ஸ் வீட்டுக்கும் குவைனர் வீட்டுக்கும் இடையில் மூன்று திருமணங்கள் நடந்தன. சார்ல்ஸ் கரோலைன் குவைனரை 1860இல் மணந்தார். அவர் அண்ணன் பீட்டர் கரோலைனின் சகோதரியை மணந்தார். சார்ல்ஸின் சகோதரி பாலி கரோலைனின் அண்ணன் ஹென்றியை மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இந்த உறவு வெறும் பாசமல்ல, முதலுக்கு வழியும் அதுவே. 1863இல் சார்ல்ஸும் ஹென்றியும் சேர்ந்துதான் விஸ்கான்சினிலேயே பெபின் கவுன்டியில் 160 ஏக்கரை 335 டாலருக்கு வாங்கிப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தனியாக வாங்கும் வலு இருவரில் எவரிடமும் இருக்கவில்லை. தன் கையே தனக்குதவி என்று நின்ற தனிக்குடும்பம் என்ற பிம்பம் இந்த முதல் பத்திரத்திலேயே கலைகிறது.

பெபின் நிலத்தைத் தவணைக்கு விற்றுவிட்டுக் குடும்பம் தெற்கே போனது. 1869 வாக்கில் கேன்சஸில் இண்டிபெண்டன்ஸ் நகருக்குச் சில மைல் தொலைவில் வீடு கட்டியது. அது பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம். 1870ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் ரட்லண்ட் டவுன்ஷிப்பில் இந்தக் குடும்பத்தின் பெயர்கள் இருக்கின்றன. அந்த ஆகஸ்டில் பிறந்த கேரியின் பெயரும் இருக்கிறது. நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறியவர்களுக்கு அதில் உரிமை கிடையாது என்ற குறிப்பும் அதே ஏட்டில் இருக்கிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1870 ஜூலையில், ஓசேஜ் மக்களை அங்கிருந்து அகற்றி நிலத்தை ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியிருந்தது. காத்திருந்தால் சார்ல்ஸுக்கே அந்த நிலம் கிடைத்திருக்கலாம். ஆனால் பெபின் நிலத்தை வாங்கியவரால் தவணை கட்ட முடியவில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சார்ல்ஸ் விஸ்கான்சினுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அரசுப் படை வந்து விரட்டும் என்ற அச்சத்தால் குடும்பம் கிளம்பியதாக நூல் சொல்கிறது. கிளப்பியது நின்றுபோன ஒரு தவணை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மத்திய மேற்கின் எந்த உழவர் குடும்ப வரலாறும் அந்தக் குடும்பம் வந்த நாளில் தொடங்க முடியாது. அதே ரட்லண்ட் ஏட்டில் அண்டைவீட்டாராக ஜார்ஜ் டேன் என்ற கறுப்பின மருத்துவரின் பெயர் உண்டு. குளிர்காய்ச்சலில் மொத்தக் குடும்பமும் சாய்ந்தபோது மருந்து கொடுத்தவர் அவர்தான். ஓசேஜ் மக்களின் பெயர்கள் அந்த ஏட்டில் இல்லை. மினசோட்டாவில் இங்கல்ஸ் குடும்பம் 1874இல் போய் இறங்கிய நிலத்தை டகோட்டா மக்கள் 1851ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இழந்திருந்தார்கள். அரசுக்கு எதிராக அவர்கள் நடத்திய 1862 போருக்குப் பிறகு அந்த மாநிலத்தைவிட்டே துரத்தப்பட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு இடைவெளிதான். முந்தைய கைமாற்றத்தைச் சொல்லாத நில வரலாறு பாதிப் பத்திரத்தை மட்டும் படித்த வரலாறு.

மினசோட்டாவில் வால்நட் குரோவ் பக்கம் போட்ட கோதுமையை வெட்டுக்கிளி தின்றது. 1873 முதல் 1877 வரை ராக்கி மலை வெட்டுக்கிளிகள் அந்த வட்டாரத்தையே மொட்டையடித்தன. தந்தை கிழக்கே நடந்தே போய் அறுவடைக் கூலி வேலை செய்ததை லாராவின் நூல் சொல்கிறது. நூல் சொல்லாதது ஒன்று உண்டு. 1875 நவம்பர் இறுதியில் சார்ல்ஸ், தனக்கு எந்த வகையும் இல்லை என்று கவுன்டி அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டு நிவாரண மாவு வாங்கினார். அப்போது வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தை இருந்தது. ஃப்ரெடி என்ற அந்த ஆண்குழந்தை அடுத்த ஆகஸ்டில் இறந்தது. குழந்தையின் பிறப்பும் இறப்பும், பிறகு அயோவாவில் பர் ஓக் ஊர் விடுதியில் குடும்பம் வேலை பார்த்த காலமும் நூல்வரிசையில் இடம்பெறவே இல்லை. மாவு வாங்கியது இழிவென்று நான் கருதவில்லை. பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்காக ஒரு தகப்பன் போட்ட அந்தக் கையெழுத்து எட்டு நூல்களில் உள்ள எந்தக் காட்சிக்கும் குறைந்ததல்ல.

பிறகு போன டகோட்டாவிலாவது சொந்த நிலம் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது. 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து உழுது காட்டினால், ஏறத்தாழ 18 டாலர் கட்டணத்தில் நிலம் சொந்தமாகும். அந்தச் சட்டத்தின் கீழ் மொத்தம் சுமார் 16 லட்சம் பேர் பட்டா பெற்றார்கள். கைமாறிய நிலம் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர். சார்ல்ஸ் டி ஸ்மெட் ஊருக்கு அருகே 1880இல் விண்ணப்பித்து 1886இல் சாட்சிகளோடு நிரூபித்தார். ஆனால் சட்டம் கொடுத்தது மண்ணை மட்டும்தான். கலப்பை, மாடு, கிணறு, விதை, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாடு என எல்லாமே கடன். ஆகையால் பட்டா வருவதற்கு முன்பும் பின்பும் சார்ல்ஸின் பிழைப்பு கூலியில்தான் ஓடியது. ரயில் பாதை வேலையில் கணக்கெழுதினார், தச்சுவேலை செய்தார், ஊரில் கட்டடம் கட்டினார். லாரா பதின்ம வயதிலேயே பள்ளி ஆசிரியையாகச் சம்பாதித்தாள். பார்வையிழந்த மூத்தமகள் மேரி 1881இல் அயோவாவின் வின்டன் நகரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரிக்குப் போனாள். டகோட்டாவில் அத்தகைய பள்ளி இல்லாததால் கல்விக்கட்டணத்தை அந்தப் பிரதேச அரசே ஏற்றது. பட்டா பெற்ற சில ஆண்டுகளில் சார்ல்ஸ் பண்ணையை விற்றுவிட்டார். 1902இல் அவர் இறந்தது டி ஸ்மெட் ஊருக்குள் அவரே கட்டிய வீட்டில். பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்த 160 ஏக்கரில் ஒரு சால்கூட வரவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதைதானே, இதை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்பது நியாயமான ஆட்சேபம். அதற்குப் பதில் கணக்கேடுகளில் இருக்கிறது. கேன்சஸ் வேளாண் குடிகளின் பெயர்களை ஒரு கணக்கெடுப்பிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து பார்த்து ஜேம்ஸ் மாலின் 1935இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மெர்ல் கர்ட்டி, பெபினுக்கு ஒரு கவுன்டி தள்ளியிருக்கும் ட்ரெம்பலோ கவுன்டியை எடுத்து, பெயர் பெயராகப் பின்தொடர்ந்து 1959இல் நூலாக்கினார். முதல் தலைமுறைக் குடியேற்ற காலத்தில், பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோர் அதே இடத்தில் இல்லை என்பதை இருவரின் வேலையும் காட்டியது. போனவர்களில் ஏழைகளே அதிகம். இங்கல்ஸ் குடும்பத்தில் விதிவிலக்கானது அவர்கள் நகர்ந்தது அல்ல, அதை எழுதிவைக்க ஒரு மகள் இருந்தது.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று. மத்திய மேற்கில் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் இருக்கும் குடும்பங்கள் உண்மையிலேயே உண்டு. இல்லினாய் ஊர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் சோன்யா சாலமன், ஜெர்மானிய வழிவந்த உழவர்கள் நிலத்தைக் குடும்பச் சொத்தாகக் காத்ததையும், கிழக்கிலிருந்து வந்த ஆங்கிலேய வழியினர் அதை வியாபாரமாக நடத்தியதையும் 1992இல் வெளிவந்த நூலில் விளக்கினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் நிலத்தை இறுகப் பற்றி நிற்க அக்கம்பக்கத்தார் விற்றுக்கொண்டே போக வேண்டும். ஒருவர் விரிவாக்கிய 300 ஏக்கருக்குள் வேறு இருவர் கைவிட்ட 160 ஏக்கர் இருக்கும். நிலைத்தவரின் வரலாற்றைச் சரியாக எழுதினால் அதற்குள் போனவர்களின் பெயர்களும் வந்தாக வேண்டும்.

அந்தப் பெயர்களைத் தேடுவது எளிதல்ல. 1890 கணக்கேட்டின் பெரும்பகுதி 1921இல் தீயில் அழிந்துவிட்டது. வறட்சியும் விலைவீழ்ச்சியும் குடும்பங்களைக் கலைத்த அதே ஆண்டுகளுக்குத்தான் ஏடு இல்லை. அந்த இடைவெளியை ஹோம்ஸ்டெட் கோப்புகளையும் கவுன்டி அலுவலகத்து அடமானப் புத்தகங்களையும் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பெண்களைக் கண்டுபிடிக்க அவை இன்னும் உதவும். கேரி இங்கல்ஸ் மணமாகாத பெண்ணாக, தன் பெயரிலேயே, தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் ஃபிலிப் ஊர்ப்பக்கம் ஒரு நிலத்துக்கு உரிமை கோரினாள். ஹோம்ஸ்டெட் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. குடும்பக் கொடிவழியை ஆண்பெயரில் மட்டும் வரைகிறவர் இந்த உழவரைத் தவறவிடுவார்.

கடைசியாக லாராவையே எனக்கு எதிராக நிறுத்தலாம். அவளும் கணவர் அல்மான்சோவும் டகோட்டாவில் மரம் நடும் நிபந்தனையில் எடுத்த நிலத்தில் வறட்சி, நோய், தீவிபத்து எல்லாவற்றிலும் அடிபட்டு 1894இல் மிசூரியில் மான்ஸ்ஃபீல்டுக்குப் போனார்கள். வாங்கிய ராக்கி ரிட்ஜ் பண்ணையே சாகும்வரை அவர்களுடைய வீடாக இருந்தது. வேர் ஊன்றிவிட்டார்களே? ஊன்றினார்கள், ஆனால் பண்ணை வருமானத்தில் அல்ல. அல்மான்சோ ஊரில் வண்டியோட்டிச் சுமை ஏற்றினார். லாரா சாப்பாட்டு விருந்தினர்களுக்குச் சமைத்தாள், 1911 முதல் வேளாண் இதழில் எழுதினாள். ஒரே மகள் ரோஸ் வைல்டர் லேன் எழுதிச் சம்பாதித்துப் பணம் அனுப்பினாள். பிறகு நூல்களின் வருவாய் வந்தது. ரோஸுக்குப் பிழைத்த பிள்ளைகள் இல்லை. அவள் 1968இல் இறந்தபோது சார்ல்ஸ் இங்கல்ஸின் நேரடி வம்சம் முடிந்தது. நூல்களின் உரிமை உறவுமுறை இல்லாத ரோஜர் மெக்பிரைட் என்பவருக்கு ரோஸின் உயில் வழியே போயிற்று.

அரசு உதவியே உழவனைக் கெடுக்கும் என்று பிற்காலத்தில் தொடர்ந்து எழுதியவள் ரோஸ். தாயின் நூல்களைச் செம்மைப்படுத்தியதும் அவளே. அந்த நூல்களைப் பிறர் கை படாத தற்சார்பின் சான்றாக இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. இலவச நிலத்தைக் கொடுத்தது ஒன்றிய அரசு, மாவைக் கொடுத்தது மினசோட்டா, மேரியின் கல்விக்குப் பணம் கட்டியது டகோட்டா. 1916ஆம் ஆண்டு ஒன்றிய வேளாண் கடன் சட்டத்தின் கீழ் மான்ஸ்ஃபீல்டில் அமைந்த உழவர் கடன் சங்கத்தில் பத்தாண்டு அளவுக்குச் செயலாளர்-பொருளாளராக இருந்து, அக்கம்பக்கத்து உழவர்கள் நிலத்தை இழக்காமலிருக்கக் குறைந்த வட்டிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் லாரா இங்கல்ஸ் வைல்டர்.